ஸ்டெல்லா அக்காவின் கறுப்பு மணி

பூங்காவில் கல்வாழைக் காய் வெடித்துக் கறுப்பு விதைகள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்ததும் என் நகம் தானாக அதில் ஓட்டை தேடியது.

தொண்ணூறுகளில் கணபதி என்ற பகுதியில் குடியிருந்தோம். அம்மாவும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவும் மணிமாலை கோப்பார்கள். அம்மா நீலக் கண்ணாடி மணிகளைக் கொடுத்து, அக்காவின் கறுப்பு மணிகளை மாற்றிக்கொள்வாள்.

"ஏனுங்க்கா, இது என்ன கல்லு?" என்று நான் கேட்டால் அக்கா சிரிப்பாளே தவிரச் சொல்ல மாட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டை போடாத மணி ஒன்றைத் தரையில் தேய்த்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. கழிவுநீர் ஓடும் சலதாரையோரம் புதைத்தேன். முளைத்துவிட்டது!

"அம்மா, இது கல்லே இல்ல, விதை! இனி நம்ம ஊட்டுலயே காய்க்கும்."

அம்மா செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. அப்பறம் அவ ஊட்டுக்குப் போறதுக்கு எனக்கு என்ன சாக்கு இருக்குது?"

செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நீல மணிகளை அள்ளிக்கொண்டு கிளம்பினாள்.