தூக்குவாளி தூக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

ரெஜினா டீச்சர் போய்விட்டார் என்று எனக்குச் சொன்னது பால்காரர். பாலை அளந்து ஊற்றிக்கொண்டே, "ஒங்க பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எடுத்தாவள்ல, சத்தமாச் சிரிப்பாவளே, அவிய நேத்து ராத்திரி தவறிட்டாவளாம். நெஞ்சு வலியாம்" என்றார். "யாரு சொன்னா? சரியா விசாரிச்சீங்களா?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? "அவிய தெருவுலயும் நாந்தான் பால் ஊத்துதேன் டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். செம்பை உள்ளே கொண்டுபோய் வைக்கக்கூடத் தோன்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

டீச்சர் ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருஷம் முழுதாக முடியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். சிலர் எங்களோடு ஒரே ஆசிரியர் அறையில் டீ குடித்தவர்கள். உங்களுக்கெல்லாம் அவர் சுண்ணாம்புக்கட்டியும் சோதனைக் குழாயுமாக ஞாபகத்தில் இருப்பார். "புரியலன்னா கைய தூக்கு, புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டாதட்டி" என்று அவரிடம் திட்டு வாங்காதவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. எனக்கு ஞாபகத்தில் இருப்பது பள்ளிக்கூடத்து ரெஜினா டீச்சர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ரெஜினா டீச்சர்.

அது தொடங்கியது ஒரு ஆற்றுக் குளியலில். எண்பதுகளின் நடுவில் ஆசிரியர் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போனோம். ராஜபாளையத்தில் இருந்துகொண்டு அங்கே போகாதவர் யார்? பெண்கள் விடியுமுன்னே எழுந்து புளியோதரை, தயிர்ச்சோறு, அவித்த முட்டை, துவையல் என்று கட்டிக்கொண்டு தூக்குவாளிகளைச் சுமந்து நடந்தோம். போய்ச் சேர்ந்ததும் ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டை, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் காவலாகப் பாறைமேல் உட்கார்ந்தோம். பசி வந்ததும் அவர்கள் ஏறினார்கள், நாங்கள் பரிமாறினோம். பாத்திரம் கழுவி முடித்து நிமிர்ந்தால் வெயில் தாழ்ந்துவிட்டது, கிளம்பலாம் என்கிறார்கள். கால் நனைந்தது பாத்திரம் கழுவிய நேரத்தில் மட்டும்தான்.

திரும்பும் வழியில் ரெஜினா டீச்சர் காலித் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "இது டூரு இல்ல கோமதி. அடுக்களைய எடுத்துட்டுப் போயி ஆத்துல வச்சிருக்கோம், அம்புட்டுத்தான். அடுத்த மாசம் நாம மட்டும் போறோம். எவளாவது தூக்குவாளி தூக்கிட்டு வந்தா அவள பஸ்ஸ விட்டு இறக்கிருவேன்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்படித்தான் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுடையதாயிற்று. டீச்சர், நான், தையல் டீச்சர் சரோஜாம்மா, சில மாதங்களில் இன்னும் ஒருவர் இருவர். டீச்சர் காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரம். உங்கள் கணக்கில் அது பக்கத்து ஊர். வீட்டில் சொல்லிக்கொண்டு, கையில் ஒரு மணிபர்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு போய் இறங்கும் எங்களுக்கு அது சீமை. மடவார் வளாகத்தில் இறங்கிக் கண்மாய்க் கரைக்கு நடப்போம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த வருஷமானால் எதிர்க்கரை தெரியாமல் தண்ணீர் கிடக்கும். காற்று அடித்தால் அலைகூட வரும். கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் ஊரே வேடிக்கை பார்க்க வரும், நாங்களும் போய்ச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்போம். சரோஜாம்மா மட்டும், "அம்மம்மா, நாகு பயமு" என்று தெலுங்கில் கத்திக்கொண்டே என் இடுப்பை விடமாட்டார்.

சாப்பாடு முழுக்கப் போன ஊர்க் கடைகளிலேதான். அது டீச்சர் போட்ட சட்டம். கரையில் ஒரு அம்மாள் கண்மாய்க் கெண்டையை மிளகாய் தடவிக் கல்லில் போட்டு எடுப்பார். டீச்சரும் சரோஜாம்மாவும் முள்ளை எடுத்து எடுத்துத் தின்பார்கள். சைவமான நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வடையைக் கடித்துக்கொண்டு அவர்களை வைவேன். அப்புறம் தேரடிப் பக்கம் நடந்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பால்கோவா. சூடாகத் தின்றால்தான் அதன் அருமை தெரியும் என்று கையைச் சுட்டுக்கொள்வார் டீச்சர். வீட்டுக்கு வாங்கிப் போகலாமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "வாங்கிக்க, ஆனா மொதல்ல ஒன் வாயில போடு. பார்சல் கட்டிட்டுப் பொறவு நீ திங்க மாட்ட" என்றார். உண்மைதான். அதுவரை நான் தின்றதெல்லாம் வீட்டில் எல்லாரும் தின்று மிஞ்சியது.

புரோட்டாக் கடை விஷயத்தை உங்களில் பலர் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். நடந்தது இதுதான். நாங்கள் நுழைந்ததும் கடைக்காரர் பதறிப்போய், "டீச்சர், லேடீஸுக்கு உள்ள ரூம் இருக்கு" என்று ஒரு அழுக்குத் திரையைக் காட்டினார். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஃபேன் இருக்கா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர்." "அப்ப நாங்க இங்கனயே இருந்துக்கிடுதோம். எங்களப் பாத்து கூச்சப்படுத ஆம்பளைய யாராச்சும் இருந்தா அவியள உள்ள அனுப்புங்க." கடையே சிரித்தது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தோம். நான் புரோட்டாவுக்குச் சீனி தொட்டுக்கொண்டேன். மறுநாளே ஒரு மாணவியின் அப்பா மூலம் செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு, "இதெல்லாம் நல்லாவா இருக்கு?" என்று கேட்டாராம். "புரோட்டா நல்லா இருந்துச்சு டீச்சர். சால்னாவுலதான் உப்பு கொஞ்சம் கூட" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் நம்முடைய டீச்சர்.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கு ஒரு குறை இருந்தது. நிறைந்த கண்மாயைப் பார்க்கும்போதெல்லாம், "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு போட்டு இல்ல பாரு" என்பார். கான்சாபுரத்தில் பிறந்து, வயல் கிணற்றில் அண்ணன்மாரோடு குதித்து நீந்திய பெண் அவர். கல்யாணத்துக்குப் பிறகு நீச்சல் எங்கே? கொடைக்கானல் ஏரியில் பெண்களே துடுப்புப் போட்டுப் போகலாமாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அது அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. நடு ஏரிக்குப் போய்த் துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, யாரும் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் செத்த நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் ஆசை. இதற்குமேல் அவர் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு மே மாதமும் திட்டம் போடுவோம். ஒவ்வொரு மே மாதமும் யார் வீட்டிலாவது பிரசவம், கல்யாணம், காய்ச்சல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் எல்லாம் கூடி வந்தது. டீச்சர் வீட்டுக்காரர் தேவராஜ் சாரிடம் நாங்கள் மூவரும் போய்ச் சொன்னோம். அவர் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். "தாராளமாப் போங்க" என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அவர் ஒரு வேன் பேசிவிட்டார். "மலைப் பாதையில ஒங்கள தனியா எப்படி அனுப்ப? நாங்களும் வாரோம். ஓட்டல் சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துக்காது. ஸ்டவ், அரிசி, காய் எல்லாம் நானே எடுத்து வச்சுட்டேன். நீங்க ஒண்ணுக்கும் அலைய வேண்டாம்." அந்த முகத்தில் அவ்வளவு பிரியம். டீச்சர் அரிசி மூட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சரி" என்றார்.

என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சேர்த்தி. வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது ஆண்கள் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வர, டீச்சர் பின்சீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் உருளாமல் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் இறக்கினார்கள். பிள்ளைகள் படகுத் துறைக்கு ஓடின. "நீங்க சமையல முடிங்க, நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுதோம். பொறவு நீங்க போங்க" என்று தேவராஜ் சார் சொன்னார். நியாயமான ஏற்பாடுதான். காற்றில் ஸ்டவ் அணைந்து அணைந்து எரிந்தது. உலை என்னவோ சீக்கிரமே கொதித்தது, சோறு மட்டும் வேகவே இல்லை. அரிசியை நசுக்கிப் பார்க்கப் பார்க்க நடுவில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருந்தது. சரோஜாம்மா அரிசியைத் திட்டினார், நான் ஸ்டவ்வைத் திட்டினேன். டீச்சர் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார். "மேல வந்தா காத்தழுத்தம் கம்மி. தண்ணி சூடு ஏறாமலே கொதிச்சுரும், சோறு வேகாது. ஒம்போதாங் கிளாஸுக்கு வருசா வருசம் நடத்துதேன். இப்பத்தான் கண்ணால பாக்கேன்!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஏரியில் எங்கள் பிள்ளைகள் கையாட்டுவது தெரிந்தது. அகப்பையோடு அவரும் கையாட்டினார்.

படகில் போனவர்கள் இரண்டாவது ரவுண்டும் போய்விட்டு வந்தார்கள். அதற்குள் ஒருவழியாகச் சோறு வெந்தது. பரிமாறி, நாங்களும் கை நனைத்து, சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தபோது ஏரியின் அந்தப் பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கி வந்தது. டீச்சர் ஈரக் கையோடு துறைக்கு ஓடினார். ஐம்பதை நெருங்கிய அந்த உடம்போடு அவர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். சீட்டுக் கொடுக்கும் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். "இனி நாளைக்குத்தாம்மா." கட்டியிருந்த ஒரு படகின் விளிம்பைக் கையால் ஒருமுறை அழுத்தினார். அது ஆடியது. பின்னால் வேன்காரன் ஹாரன் அடித்தான், இருட்டுமுன் மலை இறங்க வேண்டுமாம். இறங்கும்போது தேவராஜ் சார் திரும்பிப் பார்த்து, "எப்படி, டூரு ஜோரா இருந்துச்சா?" என்று கேட்டார். "ம், நல்லா இருந்துச்சு" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிறுகள் நீடிக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. டீச்சருக்கு மனசு விட்டுப்போய்விட்டது, அவர் கூப்பிடவில்லை, எங்களுக்கும் வேலை இருந்தது. "சார்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? தங்கமான மனுசன், மறுவாரமே திரும்பக் கூட்டிட்டுப் போயிருப்பார்" என்று நான் ஒருநாள் கேட்டேன். விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கேட்டாத்தானட்டி சொல்லலாம். நாமளாச் சொன்னா அது குத்தஞ் சொன்னதா ஆயிரும்" என்றார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. கடைத்தெருவில் ஊரையே சிரிக்கவைத்த வாய், வீட்டுக்குள் ஏன் அப்படி மூடிக்கொண்டது? ரிட்டையர் ஆனதும் போவோம், நான் கூட வாரேன் என்றேன். முதலில் முழங்கால் வலி, அப்புறம் மகளின் பிரசவம். பிறகு பால்காரர் வந்து சொல்லிவிட்டார்.

அன்று காலை நான் போனபோது கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தார். ஜெபம் சொல்லி ஓய்ந்திருந்தார்கள். தேவராஜ் சார் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "கோமதி டீச்சர், நான் அவளுக்குப் பெருசா ஒண்ணும் செய்யல. ஆனா அந்தக் கொடைக்கானல் ஆச ஒண்ண நெறவேத்திட்டேன், இல்லையா? ஏரியில போட்டுல போகணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். சாவு வீட்டில் அதுதான் முறை. என்னால் முடியவில்லை.

"அவிய போட்டுல ஏறல சார். சோறு வேக நேரமாயிருச்சு. பொறவு பனி வந்து சீட்டு குடுக்கிறத நிறுத்திட்டாங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "நாங்க ரெண்டு ரவுண்டு போனோமே" என்றார். பிறகு என்னை விட்டுத் திரும்பிப் பெட்டிக்குப் பக்கத்தில் போனார். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். குனிந்து, வழக்கமான அந்த மெல்லிய குரலில், "ரெஜினா, நீ போட்டுல ஏறவே இல்லையாட்டி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும் என்பதுபோல் அப்படியே குனிந்து நின்றார்.

டீச்சரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அவருடைய சிரிப்பு, புரோட்டாக் கடைப் பேச்சு, சுடச்சுடப் பால்கோவா, இதெல்லாம் உங்கள் எல்லாருக்கும் பொது, எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கென்று இருப்பது அந்த ஒரு கேள்விதான். அத்தனை வருஷம் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. கடைசியில் அது வந்தபோது புரிந்து கேட்கிற காதாக அங்கே இருந்தது நான் மட்டும்தான். அதை நான் யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்?