ரப்பர் மரத்தில் கட்டிய வீடு

ரப்பர் தோட்டத்து மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டி அது. டிசம்பர் மாதப் படத்தில் ஒரு பனி நாட்டு வீடு இருந்தது. முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மூலைகளில் வெட்டிப் பொருத்திய சுவர், கூரையெல்லாம் வெள்ளை. ஆண்டு முடிந்த பிறகும் என் அக்காவின் கணவர் அதைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. நான் மச்சான் என்று அழைக்கும் அவர், தைப்பிங் நகருக்கு வெளியே இருந்த அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவினார்; ரப்பர்ப் பாலுக்காகப் பட்டையைக் கீறும் வேலை. "ஆணியே இல்லாம நிக்குது பாரு" என்று வந்தவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டுவார். அக்கா அடுப்படியிலிருந்தே, "அங்க பனி, இங்க பூரான். கட்டுங்க, பாப்போம்" என்பாள்.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நடப்போவதாகச் சொல்லி, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மச்சானுக்குத் தகப்பனார் விட்டுப்போன சிறு நிலம் சாலையோரம் இருந்தது. சாய்த்த மரங்களை எரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மரம் வெட்டும் குத்தகைக்காரரிடம் கேட்டு வேண்டிய அளவு லோரியில் ஏற்றிவந்து இறக்கினார். பக்கத்து ஊரான கமுந்திங்கில் மரக்கடை வைத்திருந்த சீனர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மருந்தில் ஊறவைக்காத ரப்பர் மரம் தாங்காது என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். அவர் போனதும் மச்சான் என்னிடம் சிரித்தார். "இத்தன வருசமா சோறு போட்ட மரம்லா. அவருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

மச்சானுக்குத் தெரியவில்லை. எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சீவும்போது கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டால் கங்காணி ஏசுவார். காலமெல்லாம் அந்த மரங்களுக்கு முன்னால் நின்றவர்கள் பட்டையின் கனம் வரைக்கும்தான் அவற்றை அறிந்திருந்தார்கள். அதற்கு உள்ளே போக யாரும் அவர்களை விட்டதில்லை.

ஆண்டிறுதி மழையில் கட்டினார். நான் அப்போது ஈப்போ நகரில் பத்திரிகை வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மரத்தின் ஒரு முனையைப் பிடிப்பேன். தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழே குந்தி, உளியால் மூலைகளைச் செதுக்குவார். சீவிப் பழகிய கை, கோடு தப்பாது. இடுக்குகளில் களிமண்ணையும் தேங்காய் நாரையும் பிசைந்து அடைத்தார். கூரைக்குத் தகரம். அக்கா அப்போது மாசமாக இருந்தாள். "உங்க அக்கா ஒரு தடவ நல்லாருக்குன்னு சொல்லிட்டா போதும், தம்பி" என்றார். அக்கா ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். "வெறகுக் கட்டு நல்லா அடுக்கியிருக்கீங்க. வீடு எங்க?" மச்சானும் சேர்ந்து சிரித்தார்.

பிள்ளை பிறந்ததும் குடிபோனார்கள். சில மாதங்களில் மரத்தில் நீலப் பூஞ்சணம் பூத்தது. பிறகு ஊசி முனை அளவில் வண்டு போட்ட துளைகள். அவற்றிலிருந்து மாவு உதிர்ந்தது. சோற்றிலும் விழுந்தது, தொட்டிலிலும் விழுந்தது. பழைய லயத்துச் சனங்கள் பார்க்க வந்திருந்த ஒருநாள், அக்கா தொட்டில் சேலையை அவர்கள் முன்னால் உதறினாள். "இந்தாங்க, நீங்க கேட்ட பனி. நல்லா கொட்டுது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் எழுந்து வெளியே போனார்.

அடுத்த ஆண்டிறுதி மழைக்கு முன்னால் வீட்டை அவரே பிரித்தார். ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார்கள். அவருக்குத் தொழிற்சாலை ஒன்றில் காவல் வேலை. அதன்பின் அவர் சுத்தியலைத் தொட்டு நான் பார்க்கவில்லை. ஒரு படம் மாட்டுவதென்றாலும் நான் வரும்வரை காத்திருப்பார். கடைசியில், மாலை போட்ட அவருடைய படத்தையும் நான்தான் மாட்டினேன்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல மழை. கூடத்தின் மேற்கூரையில் கசிவு. அக்கா வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த வீடு ஒழுகவே இல்ல, தம்பி. லயத்துல மழன்னா நான் தூங்குனதே இல்ல. அங்க மொத மழைக்குப் புள்ளைய மடியில போட்டுக்கிட்டுச் சொவத்துல சாஞ்சேன். அப்படியே தூங்கிட்டேன்."

"மச்சான்கிட்ட சொன்னியா?"

"கிண்டல் பண்ணியே பழகிடுச்சுலா. திடீர்னு நல்லாருக்குன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

வாளி நிறைந்திருந்தது. நான் எடுக்கப் போனேன். அவளே எடுத்துக்கொண்டு போனாள்.