கறுப்புக் கண்ணாடிக்காரர்

டிவி நாடகங்களில் கண் தெரியாதவர் எப்போதும் நேரே வெறித்தபடி இருப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அவர் வேஷம் போட்ட வில்லன். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த யுத்த காலம். கண்டியிலிருந்து பன்விலவுக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி, வெள்ளைப் பிரம்போடு ஒருவர். காலடியில் பெரிய பை. திடீரெனக் குனிந்து கைக்கடிகாரத்தில் மணி பார்த்தார். முன்னால் ஓடினேன்.

"கண்டக்டர், அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுது. பையில என்னமோ வச்சிருக்காரு."

சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் அவரை இறக்கினார்கள். கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் இரண்டும் குழிந்து மூடிக்கிடந்தன. கடிகார மூடியைத் திறந்து, முள்ளை விரலால் தடவிக் காட்டினார். பையில் பாண் ரொட்டியும் பிள்ளைச் சட்டைகளும்தான். அவர்கள் தரையில் கொட்டியவற்றைக் கைகளால் தேடித் தேடிப் பொறுக்கினார்.

நான் இடத்துக்குத் திரும்பியிருந்தேன். அவரும் வந்து உட்கார்ந்தார். என் வளையல் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"தங்கச்சி, எவளோ ஒருத்தி என்னையப் பத்திச் சொல்லிட்டா. அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்கு. பயமா இருக்கும்மா. பன்வில வரைக்கும் பக்கத்துலயே இருங்க."

பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். பேசினால் என் குரல் தெரிந்துவிடும்.

"பேச வராதாம்மா?" என்றவர், என் கையைத் தேடித் தட்டிக்கொடுத்தார்.

நாடகங்களில் வாய் பேசாத பெண் எப்போதும் நல்லவள். பன்வில வரும்வரை அவளாகவே இருந்தேன்.

அந்த பஸ்ஸில் வேஷம் போட்டிருந்தது நான் ஒருத்திதான்.