வத்தகையின் வெறும் பூக்கள்

அந்தக் கொடியை என் கணவர் நட்டபோது நான் அவரோடு சண்டை பிடித்தேன். கிணற்றடிக்குப் பக்கத்தில், நான் உடுப்புக் காயப்போடும் இடத்தில், கேட்காமல் கொள்ளாமல் நாலு குழி வெட்டி வத்தகை, அதுதான் தர்பூசணி, விதை போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணின் சீதனம். கல்யாணமான ஆண் மனைவி வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். கோபம் வந்தால் அதைச் சொல்லிக்காட்டாமல் எனக்கு இருக்க முடியாது.

"இது என்ட வளவு. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

"காய்ச்சா நீயும்தானே புள்ள தின்னப்போறாய்" என்று சிரித்தார்.

கொடி ஒரு முழம் ஓடுவதற்குள் அவர் மவுத்தாகிவிட்டார். நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரை ஜனாஸாவாகத்தான் கொண்டுவந்தார்கள்.

நான் இத்தா இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். வெளி வேலைகளை மகள் பார்த்துக்கொண்டாள்; எனக்கு மிஞ்சியது மதில் சூழ்ந்த பின்வளவும் அந்தக் கொடியும்தான். அவர் கையால் போட்ட விதை ஒரு காயாவது காய்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டேன். எனக்கென்று வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை.

கொடி பூத்தது. சில பூக்களின் அடியில் பயறளவு பிஞ்சு இருந்தது. மற்றவை எல்லாம் வெறும் பூ. வெறும் பூ கொடியின் சத்தை உறிஞ்சும் என்று நானாகவே முடிவு கட்டி, விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு தினமும் அவற்றை ஒன்று விடாமல் கிள்ளினேன். அப்படியும் பிஞ்சுகள் மஞ்சளடித்துக் கொட்டிக்கொண்டே இருந்தன.

ஒருநாள் காலையில், அவருக்கு விதை கொடுத்த, நாவிதன்வெளி ஊர்த் தோட்டக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். மண்டபத்தில் அவர் இருக்க, நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கதைத்தேன். போகும் நேரம், "வத்தகை காய்ச்சிட்டா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணன். சும்மா பூத்துப் பூத்துக் கொட்டுது."

நான் அறைக்குள் ஒதுங்கிக்கொண்டு அவரைப் பின்வளவுக்கு விட்டிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. அன்று கிள்ளிப்போட்ட பூக்களை ஒரு பீங்கானில் அள்ளி மகளிடம் கொடுத்தனுப்பினேன்.

"தங்கச்சி, இது பூரா ஆண் பூ. ஆண் பூ எல்லாத்தையும் ஆய்ஞ்செறிஞ்சு போட்டு, பொண் பூ மட்டும் தனிய நிண்டா காய் எப்பிடிப் புடிக்கும்..."

சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கினார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கும். நான் சீலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காலையில பூ விரிஞ்ச உடன ஒரு ஆண் பூவப் பறிச்சு, இதழ உரிச்சுப்போட்டு, நடுவில இருக்கிற மஞ்சள் மாவ, பிஞ்சு இருக்கிற பூவுக்குள்ள மெள்ளத் தடவுங்க. வண்டு வராட்டி நாமதான் செய்யணும்."

அப்படியே செய்தேன். முதல் நாள் அழுத்தித் தடவியதில் பூவே கிழிந்தது. பிறகு தொட்டவற்றிலும் ஒவ்வொன்றாகக் கொட்டி, ஒன்று மட்டும் நின்றது. காம்பு தடித்துக் கீழே வளைந்தது. மண்ணில் பட்டு அழுகாமல் அடியில் ஓட்டுத் துண்டொன்று வைத்தேன். காகம் கொத்தாமல் பகலெல்லாம் காவல் இருந்தேன். பழுத்ததற்கு அடையாளமாகக் காம்படிச் சுருள் காய்ந்த பிறகுதான் பறித்தேன். அப்போதும் என் இத்தா முடிந்திருக்கவில்லை.

மகள் பிஸ்மி சொல்லி வெட்டினாள். சீனி போல இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன்; சுமாரான இனிப்புத்தான். முதல் துண்டைக் கையில் வைத்திருந்தபோது ஒன்று விளங்கியது. அவர் விதை போட்டார், நான் பூவைத் தொட்டேன். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் இருவரும் சேர்ந்து வளர்த்த ஒரே கொடி இதுதான். அவர் உயிரோடு இருந்தபோது நான் அதற்கு ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றவில்லை. சத்தமாக அழுதேன். மகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.