பூசாத சுவர்

வின்சன்ற் மேசன் கட்டிய சுவரென்றால் மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் வரைக்கும் தனி மதிப்பு. அவரும் ஏறாவூர் முனாப்பும் முப்பத்தைந்து வருஷமாகச் சோடியாகவே வேலைக்குப் போனவர்கள். முனாப் கல் வைப்பார். வின்சன்ற் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவரின் ஓரத்தைப் பார்ப்பார். 'சரி' என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் அடுத்த வரிக் கல் ஏறும். தூக்குக்குண்டு கட்டிப் பார்ப்பதெல்லாம் வீட்டுக்காரரின் மனத்திருப்திக்காகத்தான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வின்சன்ற் கிறிஸ்மஸுக்குச் செய்த நத்தார் கேக்கை ஒரு ரின்னில் போட்டுக்கொண்டு சைக்கிளில் முனாப்பின் வீட்டுக்குப் போயிருந்தார். வருஷா வருஷம் போவதுதான். நாவலடி வீட்டு வாசல்வரை மஞ்சள் சட்டையோடு வந்த மனைவி பீற்றிஸ், "சுணங்காம வாங்க. இறால் ஆக்கி வைக்கிறன்" என்றாள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அந்த மணல் திட்டின் மேலால் கடல் ஏறி நடந்து வாவிக்குள் இறங்கியது. அவர் திரும்பி வந்தபோது வீடு இல்லை, தெருவும் இல்லை. பீற்றிஸின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

அன்றோடு வின்சன்ற் மீனை விட்டார். கடல் மீனும் இல்லை, வாவி மீனும் இல்லை. ஊரில் பலரும் அப்படித்தான் சில மாதங்கள் இருந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல அடுப்புகளில் மீன் கொதிக்கத் தொடங்கியது. வின்சன்றுக்கு அடுப்பே இருக்கவில்லை. அகதி முகாமில் தந்த பருப்பைத் தின்றார். திராய்மடுவில் வீடு கிடைத்த பிறகும் காலையில் பேக்கரி ரோஸ்ட் பாணும் பிளேன்ரீயும், மத்தியானம் பாணும் சம்பலும்தான். இடையிலே பீடி, ஒரு நாளைக்கு ஒரு கட்டு.

கடலில் வீடிழந்தவர்களுக்காகத் திராய்மடுவில் சுனாமி வீடுகள் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம். வடக்கே வாகரைப் பக்கம் ஷெல் விழும் சத்தம், யாரோ தொலைவில் கதவைச் சாத்துவதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படியொரு நாள் வின்சன்ற், முனாப் வைத்த சுவரைப் பார்த்தார். நடுவில் அது வயிறு தள்ளி நின்றது.

"முனாப், இதென்னடாப்பா சுவர்? பிள்ளைத்தாச்சி மாதிரி நிக்குது."

முனாப் வந்து பார்த்தார். "எங்க?"

"இஞ்ச, நடுவில."

"மச்சான், குண்டு கட்டிப் பாத்துத்தானே வெச்சன்."

"குண்டு இருந்தாக் காணுமா? கண் வேணும். உனக்கு வயசு போயிற்று."

சொன்னது மட்டுமல்ல, ஈரம் காயாத நாலு வரிக் கல்லைக் காலால் தள்ளி விழுத்தியும் விட்டார். முனாப் தன் சாந்தகப்பையைக் கழுவிப் பைக்குள் போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வின்சன்ற் தனியே நின்று அந்தச் சுவரைத் திரும்பக் கட்டினார். கட்டி முடித்துப் பார்த்தால் அதே வயிறு. எரிச்சலோடு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது. நூலின் நடுவில் ஒரு வளைவு. இடது கண்ணை மூடினார். நூலின் நடுத்துண்டே இல்லை. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், இடையில் புகை. வலது கண்ணை மூடினார். நூல் நேரே நின்றது. குண்டு கட்டிய நூல் ஒருநாளும் வளையாது என்பது அவருக்குத் தெரியும். அந்த மணற்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஏறாவூருக்குப் போனார். ஓட்டப் பயமாயிருந்தது. முனாப்பின் மனைவி ஸஹீதாதான் கதவைத் திறந்தாள். பின்னால் முனாப் நின்றார்.

"சுவர் சரிதான் முனாப்" என்றார் வின்சன்ற். "நான்தான் கோணல்."

முனாப் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்கு வா. நாளைக்குக் கண் டொக்டரிட்டப் போவம். நானும் வாறன்" என்றார். அதற்கு மேல் அந்தச் சுவரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கண் டொக்டர் ஒரு பெண். மருந்து விட்டு, விளக்கடித்து, நெடுநேரம் பார்த்தார். வயது போகையில் கண்ணின் பின் திரையில் வரும் நோய் என்றார். வலது கண்ணின் நடுவில் வடு விழுந்துவிட்டது, அது திரும்பாது. இடது கண்ணிலும் புள்ளிகள் விழத் தொடங்கியிருக்கின்றன. இனி அதைத்தான் காக்கவேண்டும்.

"ஐயா என்ன சாப்பிடுறீங்க?"

"பாண்."

"மறுகா?"

"பாண்தான். இவன்ட வீட்டுக்குப் போனாச் சோறு."

டொக்டர் சிரிக்கவில்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, முட்டை மஞ்சட்கரு, மீன் என்று சொல்லிக்கொண்டு போனவர், "இதுகளைச் சாப்பிட்டாப் போன பார்வை வராது. அதை இப்பவே சொல்லிப்போடுறன். ஆனாக் கண்ணுக்கு நல்லம். எல்லாத்துக்கும் முதல் பீடியை விடோணும். இந்த நோய்க்குப் பெரிய எதிரி அதுதான்" என்றார்.

"கீரை தின்னுறன் டொக்டர். பீடியையும் விட்டுப் பாக்கிறன். மீன் மட்டும் கேக்காதீங்க."

டொக்டர் ஏனென்று கேட்க வாயெடுத்தார். முனாப் வேண்டாமென்று தலையை மெல்ல ஆட்டினார். டொக்டர் அதை விட்டுவிட்டார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்து, தினமும் ஒவ்வொரு கண்ணாய் மூடிப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணுக்குக் கோடு புதிதாய் வளைந்தால் உடனே வரவேண்டும்.

அந்தத் தாள் மழையில் நனைந்து ஒரு கிழமையில் போய்விட்டது. வின்சன்றுக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை. அவருடைய வீட்டு முன்சுவர் இன்னும் பூசாமல் கிடந்தது. கல்லும் சாந்துமாய்க் கட்டம் கட்டமாக, அவரே கட்டியது. காலையில் பல் துலக்கியதும் அதன் முன்னே நின்று, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வரி வரியாகப் பார்த்து வருவார். ஊரில் எல்லா வீடும் பூசிச் சுண்ணாம்பு அடித்துவிட்டது. மேசனின் வீடு மட்டும் பூசாமல் நிற்கிறதென்று சனம் சிரித்தது. அவர் பூசவில்லை.

ஸஹீதா தன் வளவு முருங்கையிலையைத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டி, இரண்டு முட்டையும் அவித்து, கிழமையில் நாலு நாள் முனாப்பிடம் கொடுத்துவிடுவாள். வேலைத்தலத்தில் வின்சன்ற் அதைத் தின்று முடிக்கும்வரை முனாப் எதிரே குந்தியிருப்பார்.

பிறகொரு மத்தியானம் அது நடந்தது. வாவிக்கரை மரநிழலில் வின்சன்ற் இருந்தார். தண்ணீர் முழுக்க வெயில் உருகிக் கிடந்தது. வலது கண்ணின் புகைக்குள் முதலில் பூக்கோலம்போல ஏதோ விரிந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள். நீலத் தலைப்பாகை கட்டியவர்கள், கையில் கூடை ஏந்திய பெண்கள், சாண் உயரத்துக் குழந்தைகள். சத்தமே இல்லாமல் தண்ணீரின் மேலால் வரிசையாக நடந்து போனார்கள். உடுப்பின் மடிப்புக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணை இமைத்தார். போய்விட்டார்கள்.

மறுநாளும் வந்தார்கள். வாவி விழுங்கிய சனம் எழும்பி நடக்கிறதோ என்று முதலில் பயந்தார். ஆனால் நாள் போகப் போக, காத்திருக்கத் தொடங்கினார். ஒவ்வொரு முகமாகத் தேடுவார். மஞ்சள் சட்டை போட்ட, இடது கன்னத்தில் மறு இருக்கிற ஒருத்தியைத் தேடுவார். வந்ததெல்லாம் முன்பின் பார்த்திராத முகங்கள். ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

கனடாவிலிருந்து மகள் டினுஷா கண்ணுக்கு நல்லதென்று ஒரு போத்தல் மாத்திரை அனுப்பியிருந்தாள். அதைக் காட்டப் போன அன்றுதான் டொக்டரிடம் இதைச் சொன்னார். முனாப்பை வெளியே நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி.

"எனக்குப் பைத்தியமோ டொக்டர்?"

"இல்லை ஐயா. கண் படம் அனுப்பாத இடத்தில மூளை தானே படம் கீறுது. உங்களைப்போலக் கனபேருக்கு வாறது. பயத்தில ஆக்கள் வெளிய சொல்லுறயில்ல." பிறகு கேட்டார்: "தெரிஞ்ச ஆக்களா வாறாங்க?"

"ஒருத்தரையும் தெரியா" என்றார் வின்சன்ற். டொக்டர் அவர் கையின் மேல் தன் கையை வைத்தார்.

போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தவர் முகத்தைச் சுளித்தார். "இதில பீற்றா கரோட்டின் கிடக்கு. பீடி குடிக்கிறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கூட்டும். இது வேணாம். அது இல்லாத வகையும் இருக்கு, மகளிட்டச் சொல்லுங்க. அதுவும் நோயை மாத்தாது. இருக்கிற பார்வை போறதைக் கொஞ்சம் சுணக்கும், அவ்வளவுதான்."

"அவ்வளவு காணும்" என்றார் வின்சன்ற்.

பீடியை விட ஏழு மாதம் பிடித்தது. இரண்டு தரம் விட்டு, இரண்டு தரமும் முனாப்புக்குத் தெரியாமல் தொடங்கினார். மூன்றாம் தரம் நின்றது. புது மாத்திரை வந்தது. சோற்றுக்குப் பிறகு, நற்கருணை வாங்குபவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். முன்சுவரின் வரிகள் இடது கண்ணுக்கு ஒரு மூலையில் மட்டும் இலேசாய் நெளிந்தன. நெளிவு அதற்கு மேல் அதிகம் பரவவில்லை. மாத்திரையோ, கீரையோ, பீடி விட்டதோ, எதுவென்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. இனிச் சுவரின் ஓரம் பார்ப்பது முனாப்பின் வேலையாயிற்று. வின்சன்ற் பூச்சுக்கு மாறினார். உள்ளங்கையால் தடவியே மேடு பள்ளம் கண்டுபிடித்தார்.

சண்டை முடிந்த வருஷம் ஆவணியில் டினுஷா வந்தாள். வாசலில் நின்றவளை, தலையைச் சற்றுத் திருப்பி, அவளுடைய தோளுக்கு அப்பால் பார்த்தார்.

"ஏனப்பா என்னைப் பாக்கிறீங்க இல்ல?"

"பாக்கிறன் மகள். கொஞ்சம் பக்கத்தால பாத்தாத்தான் நீ தெளிவாத் தெரியிறாய்."

அவள் அழுதாள். கனடாவுக்கு வரச்சொல்லிக் கேட்டாள். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடம் பூச ஒத்துக்கொண்டிருக்கிறேன், அது முடியட்டும் என்றார். அந்த வேலையைப் பார்க்க தானும் வருவதாக அவள் கிளம்பினாள்.

மண்முனையில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி வாவி கடத்தும் மிதவையைப் 'பாதை' என்பார்கள். மூவரும் அதில் ஏறினார்கள்; முனாப் முன்னால் நின்றார். வாவி பால் நிறமாய்க் கிடந்தது; கரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. டினுஷா, உட்கார்ந்திருந்த தகப்பனின் கையைப் பிடித்திருந்தாள்.

"எத்தனை பேர் மகள் பாதையில?"

அவள் எண்ணினாள். "எங்களோட ஒம்பது பேர்."

வின்சன்ற் தலையாட்டினார். பத்தாவதாக, கூடையோடு வந்த ஒரு பெண் அவருக்கு எதிரே இடம் தேடி நிற்பது தெரிந்தது. அவர் தன் கால்களை மெல்ல மடக்கி, அவள் இருக்க இடம் விட்டார்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்ல" என்றார். "நல்ல காத்து."