பூ விழுந்த முதிரைச் சட்டம்

என்ர மனுசன் லவனுக்கு வயசு ஐம்பத்தாறு. கொட்டாஞ்சேனையில ஒரு தச்சுப் பட்டறை, வெள்ளவத்தையில வாடகை வீடு, நடுவில பஸ். இதுதான் அந்தாளின்ர சீவியம். மரத்தைப் பற்றித் தெரியாதது ஒண்டுமில்லை. ஆனா ஒருத்தற்ற முகத்தைப் பார்த்து "ஏலாது" எண்டு சொல்லத் தெரியாது. அதாலதான் போன மாசம் ஒரு கிழமை நான் பட்டறைப் பக்கமே கண்ணா இருந்தன்.

ஜவாத் எண்டு எங்களுக்குப் பழக்கமான தம்பி ஒருத்தர். புத்தளத்தில அவைக்குத் தென்னங்காணி இருக்கு. பன்றி வந்து தென்னங்கண்டுகளைக் கிண்டுதெண்டு லைசன்ஸோட ஒரு இடியன் துவக்கு வைச்சிருக்கினம். வாய்ப்பக்கத்தால மருந்து போட்டு, கோலால இடிச்சுச் சுடுற பழைய சாமான். அதின்ர மரச் சோங்கு, தோளில அணைச்சுப் பிடிக்கிற பின்கட்டை, வெடிச்சுப்போச்சு. உடைஞ்ச சோங்கை உரப் பையிலயும், ஒரு நீளச் சட்டத்தைப் படுக்கை விரிப்பிலயும் சுத்திக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"இது வாப்பாட கட்டில் சட்டம், லவன் அண்ணன். அவர் மௌத்தாகி ரெண்டு வருஷம். இதிலதான் புதுச் சோங்கு செய்யணும். வாற வெள்ளி வந்து பார்க்கிறன்."

முதிரை. இழை சுருண்டு பூப்பூவா மின்னுற, பூ விழுந்த முதிரை. யாழ்ப்பாணத்துச் சனத்துக்குச் சொல்ல வேணுமே, கண்டவுடன வாய் பிளந்திடுவம். லவன் தண்ணி தொட்டுத் துடைச்சுப் பார்த்திட்டு, வீட்டை வந்து தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில வைச்சுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?" எண்டன்.

"சோங்கின்ர கழுத்து வாற இடத்தில இழை குறுக்க ஓடுது. கன்னத்தில வைச்சுச் சுடேக்க கழுத்து முறிஞ்சா..."

"முறிஞ்சா?"

"கண் போகும்."

"அப்ப ஏலாதெண்டு சொல்லுங்கோவன்."

"வாப்பாட கட்டிலெண்டு ஆசையாக் கொண்டந்திருக்கிறார், அருந்ததி."

"கண் போனா வாப்பா எழும்பி வந்து கண் குடுப்பாரோ?"

அடுத்த நாள் லவன் மரம் விக்கிற மரக்காலைக்குப் போனார். அதுக்கடுத்த நாளும் போனார். ஒவ்வொரு மகோகனிக் கட்டையா நிமித்தி, விளிம்பில சிராய் உரிச்சு, அது எந்தப் பக்கம் ஓடுதெண்டு பார்த்துப் பார்த்து, கடைசியில நேரிழையோட ஒண்டைத் தன்ர காசிலயே வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு மூச்சு வந்தது. ஆனா வியாழக்கிழமை சாப்பாடு கொண்டு போனா, பென்சிலால சோங்கின்ர வடிவம் கீறியிருக்கிறது முதிரையில. மகோகனி சுவரோட சும்மா சாத்திக் கிடக்குது. எனக்குப் பயம் பிடிச்சுது.

எனக்கு ஏன் அவ்வளவு பயமெண்டா, என்ர இடது கையைப் பாருங்கோ. மணிக்கட்டு கோணல். ஆறு வருசத்துக்கு முதல், மூத்தவளைப் பொம்பிளை பார்க்க வந்த கிழமை, லவன் செய்த பூமுதிரை ஸ்டூலில ஏறிக் கேர்ட்டின் கொளுவினனான். ஸ்டூலின்ர கால் படாரெண்டு முறிஞ்சு, கையை ஊண்டி விழுந்தன். தச்சன்ர பெண்சாதி தச்சன்ர ஸ்டூலால விழுந்தாளெண்டு வெள்ளவத்தை முழுக்கப் பகிடி, ஜவாத்தின்ர காதுக்கும் போனது. "என்ர பிழைதான்" எண்டு அந்தாள் எல்லாருக்கும் சொன்னது. நான் வாயே திறக்கேல்லை.

வெள்ளி வந்தது. நான் காலமையே பட்டறைக்குப் போய்க் குந்தியிட்டன். ஜும்மா முடிஞ்சு ஜவாத் வந்தார். முதிரையில பென்சில் கோட்டைக் கண்டு முகம் மலர்ந்தது. லவன் மரம் அரியிற வாளைத் துடைக்கிறார், திருப்பித் துடைக்கிறார். "பார்ப்பம் தம்பி... மெல்ல வெட்டினா... சரிவரும்போல."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சோதிச்சுப் பார்க்க லவன் முதிரையிலயும் மகோகனியிலயும் பென்சில் மொத்தத்தில வெட்டி வைச்ச ரெண்டு துண்டு மேசையில கிடந்தது. எடுத்து ஜவாத்தின்ர கையில குடுத்தன்.

"உடைச்சுப் பாருங்கோ தம்பி."

முதிரைத் துண்டு பிஸ்கட் மாதிரி உடைஞ்சுது. மகோகனி வளைஞ்சுதே தவிர முறியேல்லை.

"வாப்பாவ நாப்பது வருஷம் தாங்கின மரம் அக்கா இது."

"படுத்த மனுசனைத் தாங்கும். வெடியைத் தாங்காது. உங்கட கண்ணுக்கு நேரதான் முறியும்."

ஜவாத் லவனைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணன் ஒண்டும் சொல்லல்லையே. இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் அக்காட ஸ்டூல எப்படி அப்படிச் செஞ்சார்?"

லவன் தலையைக் குனிஞ்சார். "அது என்ர பிழை..."

"இல்லை" எண்டன். "அவர் இந்த மரம் ஸ்டூல் காலுக்கு ஏலாதெண்டுதான் சொன்னவர். வாற சனம் பார்க்கப் பூமுதிரைதான் வேணுமெண்டு மூண்டு நாள் அவரோட கதைக்காமல், சோறு போடாமல் இருந்து செய்விச்சது நான். விழுந்த பிறகு வெக்கத்தில அவரில பழி போகட்டுமெண்டு விட்டிட்டன். அதுக்குப் பிறகு இந்த மனுசன் ஆருக்கும் ஏலாதெண்டு சொன்னதில்லை."

வெளியில கொச்சிக்கடைப் பஸ் ஒண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போச்சுது. லவன் என்ர கோணல் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அரத்தாளை எடுத்து, முதிரையில கீறின பென்சில் கோட்டை முழுசா அழிச்சு, சட்டத்தை விரிப்பில சுத்தி ஜவாத்தின்ர கையில குடுத்தார்.

"இதில ஏலாது தம்பி" எண்டார்.