பின்னால நின்ன ஆள்

கத்தி தொண்டைக்கு வந்த பிறகுதான் மாஸ்டர் கேட்பார்: "பாட்டு எப்படி சார் இருக்கு?"

நாற்காலியில் சாய்ந்திருப்பவர் என்ன சொல்வார்? தலையைக்கூட ஆட்ட முடியாது. மூக்கால் "ம்" என்று ஒரு சத்தம் வரும். மாஸ்டர் அதையும் பாராட்டில் சேர்த்துக்கொள்வார். பாடுகிறவன் தன் மகன் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

சலூனில் இரண்டு நாற்காலிகள். வேலை நடப்பது ஒன்றில். மற்றது, மகன் சின்னவனாக இருந்தபோது கைப்பிடிகளின் மேல் பலகை போட்டு உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டது. அதில் யாரையும் உட்காரச் சொல்வதில்லை.

மகனுடைய ராப்புக்கு முதல் விமர்சனம் இந்தக் கடையில்தான் கிடைத்தது. கடை நிறைய ஆள் இருந்த நேரத்தில் அவன் ஆசையாகப் போட்டுக் காட்டினான். "இது பாட்டாடா? மூச்சு விடாம புலம்புறே!" என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த வாரமே பெரிய நகரத்துக்குப் போய்விட்டான். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். அப்போதெல்லாம் மாஸ்டருக்குப் பக்கத்து அறையில் இருமல் வரும். போனுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகவே வரும்.

அங்கே பேர் வாங்கிய பிறகு அவனுடைய புது ஆல்பம் வந்தது. பழைய சூடு இல்லை என்றன பத்திரிகைகள். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். மூன்றாவது பாட்டில் மட்டும் எல்லாரும் ஒன்று சேர்ந்தார்கள்.

"சீப்பு இருக்கு, சோப்பு இருக்கு,
கண்ணாடியில என் தலை இருக்கு,
பின்னால நின்ன ஆள் இல்ல."

தந்தையைப் பறிகொடுத்த மகனின் கதறல் என்று ஒரு விமர்சகர் உருகியிருந்தார். பாட்டுக்குக் கீழே அனுதாபம் குவிந்தது. "அப்பா மேலேர்ந்து பாத்துட்டு இருப்பார் புரோ" என்று ஒருவன் எழுத, மாஸ்டர் அதற்கும் ஒரு லைக் போட்டார்.

"ஏங்க, ஊரே உங்களுக்கு அஞ்சலி செலுத்துது, நீங்க அதுக்கு லைக் போட்டுட்டு இருக்கீங்க!" என்றார் மனைவி. கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"அட, அவன் என்னைச் சாகடிக்கலடி. அங்க எவனோ முடி வெட்டி விடுறான். நிமிந்து கண்ணாடியப் பாத்தா நான் இல்ல. அவ்வளவுதான்."

ஆல்பத்தின் அட்டைப்படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். "காதோரம் பாரு. அங்க ஒரு சுழி இருக்கு. மெதுவா மேல வாரி வெட்டணும். அந்தப் பய கடிச்சு வச்சிருக்கான்!"

மனசு கேட்கவில்லை. பாட்டுக்குக் கீழேயே எழுதிவிட்டார்: "பாட்டு அருமை. இடது காதோரம் கட்டிங் சரியில்லை."

"பெருசு, பாட்டைக் கேளு, முடியை எண்ணாதே" என்று ஒரு ரசிகன் விரட்டினான். தினமும் கடைக் கதவைத் தூக்கியதும், விளக்கு போடுவதற்கு முன்பே, மகன் பதில் போட்டிருக்கிறானா என்றுதான் மாஸ்டர் போனைத் திறந்து பார்க்கிறார்.

நேற்று கடைக்குப் புதிதாக வந்த ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். மூன்றாவது பாட்டு தொடங்கியது.

"பாவம் மாஸ்டர், இந்தப் பையனுக்கு அப்பா இல்லையாமே" என்றார்.

மாஸ்டர் கத்தியை மடக்கி வைத்தார். காலி நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். அதன் பின்னால் போய், பாட்டு முடியும்வரை நின்றார்.